அண்ணி எழுதாமல் விட்டது

கீழமணலூர், திருவாரூர் வழி
29.1.1972

அன்புள்ள தையலுக்கு,

அண்ணி அம்சவல்லி எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நீ நர்ஸ் வேலையில் ராத்திரியெல்லாம் கண் விழித்து இளைத்துப்போயிருப்பாய். உன் சுகத்துக்கு ஒரு வரி எழுது.

பொங்கலுக்கு வந்துவிட்டு நீ சென்னைக்குத் திரும்பியதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஆனந்தவல்லி நீ வாங்கிக் கொடுத்த ரிப்பனோடுதான் தூங்குகிறாள். அத்தை மாதிரி நர்ஸ் ஆகப்போகிறாளாம்.

அறுவடை முடிந்தது. இந்த வருஷம் கூலி நெல்லைத் தகராறில்லாமல் அளந்தார்கள். உன் அண்ணனும் சங்கத்து ஆட்களும் களத்தைவிட்டு நகராமல் நின்றதால்தான். நான் அறுப்புக்குப் போகவில்லை. விரல் மடங்க மறுக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ கொடுத்த மாத்திரை இருக்கிறது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா வந்துவிடும் என்று உன் அண்ணன் தாலுகா ஆபீசுக்கு நடந்துகொண்டே இருக்கிறார்.

அவருக்குத்தான் இருமல். களத்தில் பனியில் படுக்கிறார். நீ ஒரு வார்த்தை எழுது. உன் சொல்லைத்தான் கேட்பார்.

உன் அன்பான அண்ணி,
அம்சவல்லி

*

சென்னை
11.2.1972

அன்புள்ள அண்ணிக்கு,

தையல்நாயகி வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்கும்படி இல்லை என்பது தவிர வேறு குறையில்லை.

உங்கள் கடிதத்தில் எழுத்தெல்லாம் சாய்ந்து கிடந்தது. முன்பு அச்சுக் கோத்தமாதிரி எழுதுவீர்கள். விரல் மட்டும்தானா, மணிக்கட்டும் வீங்கியிருக்கிறதா? பொங்கலன்று ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் தண்ணீர் குடித்தீர்கள். கேட்டதற்கு எச்சில் ஊறவில்லை என்றீர்கள். கண்ணில் மண் விழுந்தமாதிரி உறுத்துகிறது என்றும் சொன்னீர்கள். இது எல்லாம் ஒரே நோயின் வேலை அண்ணி. ஆனந்தவல்லிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் இங்கே வாருங்கள். எங்கள் டாக்டரம்மாவிடம் காட்டலாம்.

இன்னொன்று. அறுவடை முடிந்து நெல்லெல்லாம் வீட்டுக்குப் போன பிறகு அண்ணன் களத்தில் எதைக் காவல் காக்கிறார்?

உங்கள் அன்புள்ள,
தையல்

*

கீழமணலூர்
20.3.1972

அன்புள்ள தையலுக்கு,

எல்லோரும் நலம். உன் கடிதம் அப்போதே கிடைத்தது. வேலை இருந்ததால் உடனே எழுத முடியவில்லை.

களத்தில் காற்று வரும் என்று படுக்கிறார். வேறொன்றுமில்லை.

உன்னிடம் ஒரு காரியம் கேட்க வேண்டும். உன் மாமன் மகள் எல்லையம்மாள் புருஷன் இறந்த பிறகு தன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளையும் இல்லை. நல்ல குணம். அவளை உன் அண்ணனுக்குக் கட்டிவைத்தால் என்ன? என்னால் நடவுக்கும் போக முடியவில்லை, தண்ணீர்க் குடமும் தூக்க முடியவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் வேண்டும். ஆனந்தவல்லிக்கும் அவளைப் பிடிக்கும். உன் அண்ணனுக்கும் நல்லதாக இருக்கும்.

நான் சொன்னால் கோபப்படுவார். நீ எழுதினால் யோசிப்பார். நான் மனதாரத்தான் சொல்கிறேன். அவள் வந்தால் ஒரு நாளும் சண்டை போடமாட்டேன்.

அம்சவல்லி

*

சென்னை
2.4.1972

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதம் கிடைக்கும்போது உங்கள் கைவலி கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

குடம் தூக்க ஆள் வேண்டுமென்றால் அண்ணனைத் தூக்கச் சொல்லுங்கள். அதற்காக யாரும் இன்னொரு கல்யாணம் செய்துகொள்வதில்லை. மேடையில் தாலி இல்லாமல், இரண்டு பேரும் சரிசமம் என்று உறுதிமொழி படித்து மாலை மாற்றிக்கொண்டவர்கள் நீங்கள். அதை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். அண்ணனுக்கு நான் அப்படி எழுதமாட்டேன்.

நீங்கள் எழுதிய காரணம் காரணமில்லை அண்ணி. எழுதாததுதான் காரணம்.

போன வருஷம் எங்கள் வார்டில் ஒரு பள்ளிக்கூட டீச்சர் இருந்தார். உங்களுக்கு உள்ள அதே மூட்டு வாதம். வீட்டுக்குப் போகும் நாளில் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், இந்த நோய் வந்தவங்க புருஷனோட இருக்க முடியுமா?" என்று கேட்டார். அத்தனை நாள் டாக்டர்கள் சுற்றி நின்றபோது அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் கேட்காமல் விடுவதில்லை.

அதனால் உங்களையும் கேட்கிறேன். அண்ணனோடு இருக்கும்போது வலிக்கிறதா?

நான் கல்யாணம் ஆகாதவள், அவர் கூடப் பிறந்தவள், என்னிடம் எப்படி என்று நினைப்பீர்கள். எனக்கும் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் சொல்வீர்கள்? பதிலைக் கார்டில் எழுதாதீர்கள். பஞ்சநதம் நல்ல தபால்காரர்தான், ஆனால் கார்டு என்றால் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

உங்கள்,
தையல்

*

கீழமணலூர்
11.6.1972

அன்புள்ள தையலுக்கு,

நானும் குழந்தையும் இருக்கிறோம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே.

உன் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். மிராசுதார் தன் மாட்டுக்காரன் பெயரிலும் சமையல்காரன் பெயரிலும் எழுதி மறைத்துவைத்திருந்த நிலத்தில், ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால் சங்கத்து ஆட்கள் கொடி நட்டார்கள். உச்சவரம்புக்கு மேல் உள்ள நிலம், சட்டப்படி எங்களுக்கு வர வேண்டியது என்று இவர் அதிகாரியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது, "நம்ம ஆட்சின்னு ஓட்டுப் போட்டோம், நம்ம ஆட்சியிலேயே உள்ள போறோம்" என்று சிரித்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. திருச்சி ஜெயிலில் இருக்கிறார்.

நீ கேட்டதற்குப் பதில், ஆமாம்.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. அரிசிப் பானைக்குள் வைத்திருந்து எடுத்து எடுத்துப் படித்தேன். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

ரொம்ப நாளாகவே வலிக்கிறது. முதலில் இடுப்பும் முழங்காலும். அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பிறகு வாய் காய்ந்தமாதிரி, கண் காய்ந்தமாதிரி அங்கேயும் காய்ந்துவிட்டது. தோல் கிழிகிறமாதிரி எரியும். மறுநாள் சிறுநீர் போகவே பயமாக இருக்கும். அவரிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் வந்து படுக்கும்போது தூங்குவதுபோல் கிடப்பேன். ஒரு நாள் அவர் தோளில் கை வைத்தார். அன்றைக்குத் தோள் வீங்கியிருந்தது. கத்திவிட்டேன். அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு களத்துக்குப் போனார். அன்றிலிருந்து அங்கேதான். நானும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை.

முகமும் மாத்திரையால் உப்பிவிட்டது. கண்ணாடியைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அவர் திரும்பி வரும்போது பழைய முகத்தோடு இருக்க வேண்டும் என்று திருவாரூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையைப் போன வாரம் நிறுத்திவிட்டேன். தலை சுற்றுகிறது, போகப் போகச் சரியாகிவிடும்.

எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே தையல். இல்லாமல் போயிருந்தால் கஷ்டமே இல்லை.

அண்ணி

*

சென்னை
16.6.1972

அன்புள்ள அண்ணி,

முதலில் மாத்திரை. இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த வெள்ளை மாத்திரையை முன்போல் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. திருவாரூர் ஆஸ்பத்திரிக்குப் போய், நிறுத்தியிருந்தேன், தலை சுற்றுகிறது என்று அன்றைக்கே சொல்லுங்கள். குறைப்பதென்றால் டாக்டர்தான் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். உங்கள் முகம் எனக்குத் தெரியும். உப்பினாலும் அது உங்கள் முகம்தான்.

சாப்பிட்டீர்களா? இனி மற்றது.

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டாக்டர் ஞானாம்பாளிடம் போனேன். ஒரு நோயாளிக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க வீட்டு ஆளாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். உங்களுக்குப் புரிகிறமாதிரி எழுதுகிறேன்.

நம் ரத்தத்துக்குள் கிருமியை விரட்ட ஒரு காவல் இருக்கிறது. உங்கள் உடம்பில் அந்தக் காவல் ஆள் தெரியாமல் உங்களையே அடிக்கிறது. ஊரைக் காக்க வந்த போலீஸ் உங்கள் ஊராரை அடித்தமாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டை அடித்தால் வீக்கம். எச்சிலும் கண்ணீரும் ஊறும் இடங்களை அடித்தால் வறட்சி. கீழே வருவதும் அதே வறட்சிதான். நீங்கள் செய்த தப்பு எதுவும் இல்லை. உங்களுக்கு அண்ணன்மேல் பிரியம் வற்றிவிட்டது என்றும் அர்த்தமில்லை. பிரியம் எவ்வளவு இருந்தாலும் அது காயும்.

இதற்கு வழி இருக்கிறது. பார்சலில் ஒரு ஜெல்லி அனுப்புகிறேன். பிரசவ வார்டில் டாக்டர்கள் கையுறையில் தடவிக்கொள்வது. வழவழப்பாக இருக்கும், எரியாது. இருவருமே தாராளமாகத் தடவிக்கொள்ளலாம். வெறும் தண்ணீரில் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். காலையில் மூட்டு விறைத்திருக்கும், ராத்திரி அசந்துவிடுவீர்கள். இரண்டுக்கும் நடுவில் உடம்பு இளகியிருக்கும் நேரம் எது என்று பாருங்கள். வலி மாத்திரை சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்து, வெந்நீரில் குளித்துவிட்டு, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பில் பாரம் விழாது. இந்த மாத்திரைகளோடு இப்போது குழந்தை வேண்டாம் என்கிறார் டாக்டர். குடும்பநல நர்ஸிடம் ஆண்கள் போட்டுக்கொள்ளும் உறை கேட்டால் கொடுப்பார்கள். உறை போட்டால் எண்ணெய் எதுவும் கூடாது, அது கிழிந்துவிடும். ஜெல்லி மட்டும்தான்.

வலித்தால் நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடிக்கக் கூடாது. ஒரு நாள் வெறுமனே கட்டிக்கொண்டு படுத்திருப்பதும் இருப்பதுதான் என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

கடைசியாக, இந்த மருந்தையெல்லாம்விட முக்கியம் என்று அவர் சொன்னது, புருஷனுக்குத் தெரிய வேண்டும் என்பது. நீங்கள் சம்மதித்தால் நான் அண்ணனிடம் சொல்கிறேன். சம்மதம் இல்லாமல் ஒரு எழுத்தும் எழுதமாட்டேன்.

தையல்

*

கீழமணலூர்
30.7.1972

அன்புள்ள தையலுக்கு,

இப்போது சுகம் என்றே எழுதலாம். மாத்திரையைத் திரும்பத் தொடங்கிவிட்டேன். திருவாரூரில் டாக்டர் நன்றாகத் திட்டினார். கால் வீக்கம் பாதிக்கு வடிந்துவிட்டது.

பார்சல் வந்தது. பஞ்சநதம், "மெட்ராஸ் பற்பசையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுதான் வினையாகிவிட்டது. ஆனந்தவல்லி அதைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் வேப்பங்குச்சியை எறிந்துவிட்டு அதைப் பிதுக்கிப் பல்லில் தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். "ருசியே இல்லம்மா" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் விலா வலித்தது. இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

போன வாரம் ஜெயிலுக்குப் போனேன். ரயில் பூதலூரில் நின்றபோது பிறந்த ஊரை எட்டிப் பார்த்தேன், இறங்கவில்லை. ஜெயிலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக ஆண்கள், இந்தப் பக்கம் வரிசையாக நாங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேச வேண்டும். "கை எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பரவால்ல" என்றேன். அந்த இரைச்சலில் வேறென்ன சொல்ல? சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல், மறைத்தும் வைக்க முடியாமல், "நீங்க வெளிய வந்ததும் எல்லையம்மாளைக் கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் வார்டர் கூப்பிடுவதற்கு முன்பே திரும்பி உள்ளே போய்விட்டார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று ரயிலில் அழுதுகொண்டே வந்தேன்.

நீயே அவருக்கு எழுது என்று சொல்ல வாய் வரைக்கும் வருகிறது. வேண்டாம். இது நான் சொல்ல வேண்டியது.

அண்ணி

*

திருச்சி
14.8.1972

அன்புத் தங்கை தையலுக்கு,

அண்ணன் இராஜாங்கம் எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன். இருமல் இல்லை. இங்கேயிருந்து போகும் கடிதத்தைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். இதை விடுதலையாகிப் போகும் தோழர் முகம்மது யூசுப் கையில் கொடுத்துவிடுகிறேன்.

உன் அண்ணி வந்திருந்தாள். எல்லையம்மாளைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல். அம்சுவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டதா? சங்கம், வழக்கு, போலீஸ் என்று அலைந்து நான் அவளுக்கு ஒரு சுகமும் கொடுக்கவில்லை. அவள் கை மடங்கிப்போகிறது, நான் கொடி பிடித்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் தொட்டேன், சூடு பட்டவள்போல் அலறிவிட்டாள். அவ்வளவு வெறுப்பா என்று தோன்றியது. பக்கத்தில் படுத்தால் தூக்கத்தில் கை பட்டுவிடும் என்றுதான் களத்துக்குப் போனேன். போகாதே என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று பார்த்தேன்.

எல்லையம்மாளும் வேண்டாம், யாரும் வேண்டாம். அவள் முகம் கொடுத்துப் பேசினால் போதும்.

அண்ணன்

*

சென்னை
25.8.1972

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை தையல்நாயகி வணக்கம். இதை உங்களுக்கு முன்னால் படிக்கப்போகும் ஜெயில் அதிகாரிக்கும் வணக்கம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், இல்லவே இல்லை. இதை யார் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. காரணத்தை நான் சொல்ல மாட்டேன், அண்ணி சொல்வார்கள். களத்துக்கு ஏன் போனீர்கள் என்பதை வெளியே வந்ததும் அண்ணியிடம் சொல்லுங்கள். பிறகு அவர்கள் பேச ஆரம்பித்தால், முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள். கூட்டத்தில் பேசிப் பழகியவர் நீங்கள், அது கொஞ்சம் கஷ்டம்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
தையல்

*

கீழமணலூர்
12.11.1972

அன்புள்ள தையலுக்கு,

உன் தயவில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

உன் அண்ணன் புரட்டாசிக் கடைசியில் வந்தார். மாலை போட்டார்கள், பேசினார்கள், வீடு நிறைய ஆள். நிலம் யாருக்கு என்று இன்னும் தீரவில்லை. மிராசுதார் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். ஆனால் மனைப்பட்டா வந்துவிட்டது. அதில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

வந்த புதிதில் இருவரும் விருந்தாளிகள்போல் பேசிக்கொண்டோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு ஒருவருக்கும் வயலில் வேலையில்லை. ஆனந்தவல்லி பள்ளிக்கூடம் போயிருந்தாள். மத்தியானம், நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். விரல் வராமல் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நான் கை வச்சப்ப ஏன் கத்துன?"

"தோள் வீங்கியிருந்துது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நான் தொட்டது பிடிக்கலைன்னு நெனச்சேன். கை பட்டுடக் கூடாதுன்னுதான் களத்துக்குப் போனேன்."

"நீங்க தொடாம இருந்ததுதான் எனக்குப் பிடிக்கல."

அவர் கீரையை அப்படியே போட்டுவிட்டார். பிறகு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எரிச்சலை, பயத்தை, தூங்குவதுபோல் கிடந்ததை, கண்ணாடியைக் கவிழ்த்ததை, மாத்திரையை நிறுத்தியதை, டாக்டரம்மா சொன்னதை. அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நான் சொல்லி முடித்தேன். அழுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார்.

"எங்க தொட்டா வலிக்கும்னு சொன்ன," என்றார். "எங்க தொட்டா வலிக்காதுன்னு சொல்லு."

எனக்கே தெரியவில்லை தையல். அதைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. ஒவ்வொரு இடமாக யோசித்துத்தான் காட்டினேன்.

முதல் தடவை சரிவரவில்லை. வலித்தது. நான் சொல்வதற்கு முன்பே அவர் நிறுத்திவிட்டார். அசடுபோல ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். நோய் அப்படியேதான் இருக்கிறது. இன்றைக்கும் காலையில் எழுந்து நிற்க அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நேற்று முழுக்க அசதியில் கிடந்தேன். அவர் சோறு பொங்கினார், குழைந்துவிட்டது.

தை பிறந்ததும் உன் டாக்டரம்மாவிடம் காட்ட வருகிறோம். அவரும் வருகிறார். டாக்டர் பேசும்போது தானும் உள்ளே உட்கார வேண்டும், வெளியே அனுப்பினால் போகமாட்டேன் என்கிறார். நீ முன்கூட்டியே சொல்லிவை. எல்லையம்மாளுக்கு நல்ல இடமாகப் பார். அவளும் எத்தனை நாள் தனியாக இருப்பாள்.

உன்னைப் பற்றி நீ ஒன்றும் எழுதுவதில்லை. நேரில் வரும்போது நானும் கேட்பேன், தயாராக இரு.

மழை இன்னும் விடவில்லை. அந்த முதல் தடவைக்கு அப்புறம் நடந்ததை எழுதமாட்டேன். இத்தனை நாள் எழுதாமல் விட்டதெல்லாம் பயத்தில். இது அப்படியில்லை. நீ கேட்காதே, கேட்டாலும் சொல்லமாட்டேன்.

உன் அன்பான அண்ணி,
அம்சவல்லி